நான் இங்கே, நீ அங்கே: ஒரே கயிற்றில் இரண்டு கூத்தாடிகள்

‘வாங்-எ நம்ஜா’ 2005 டிசம்பர் 29 அன்று தென்கொரியத் திரையரங்குகளுக்கு வந்தது. பெயரைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அரசனின் ஆண்’. வெளிநாடுகளுக்குப் போனபோது ‘தி கிங் அண்ட் தி க்ளவுன்’ ஆயிற்று. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒருவன் விடுபட்டுப்போகிறான். அரசன் இருக்கிறான், அவன் மனதைப் பறித்த கூத்தாடி இருக்கிறான். அந்தக் கூத்தாடியோடு ஊர் ஊராக அலைந்து, ஒரே கயிற்றில் ஆடி, ஒரே கஞ்சியைப் பகிர்ந்த இன்னொருவனைக் காணோம். படத்தின் உயிரோ அவனிடம்தான் இருக்கிறது.

இயக்கியவர் லீ ஜூன்-இக். கயிற்றில் நடக்கும் ஜாங்-செங்காக கம் ஊ-சங், பெண்வேடம் கட்டும் கோங்-கில்லாக லீ ஜூன்-கி, அரசன் யோன்சானாக ஜங் ஜின்-யங், அரசனின் ஆசைநாயகி நோக்-சுவாக காங் சங்-யன். கதை எளிமையானது. பண்ணையார் வீட்டு முற்றத்தில் ஆடி முடித்த இரவில், குழுவின் தலைவன் கோங்-கில்லைப் பண்ணையாரிடம் அனுப்பப் பார்க்கிறான். ஜாங்-செங் குறுக்கே நிற்கிறான். தகராறில் தலைவன் சாகிறான். இருவரும் தலைநகர் ஹான்யாங்குக்கு ஓடுகிறார்கள். அங்கே மூன்று தெருக்கூத்தாடிகளைச் சேர்த்துக்கொண்டு, அரசனையும் நோக்-சுவையும் கேலி செய்து ஆடிக் காசு பார்க்கிறார்கள். பிடிபடுகிறார்கள். “அரசன் சிரித்துவிட்டால் அது அவமதிப்பாகாது” என்று ஜாங்-செங் வாதாட, அரசன் முன்னாலேயே ஆடிக் காட்டும் நிலை வருகிறது. அரசன் சிரிக்கிறான். கூத்தாடிகள் அரண்மனையிலேயே தங்கவைக்கப்படுகிறார்கள். அந்தச் சிரிப்புக்கான விலையைத்தான் மீதிப் படம் முழுக்க அவர்கள் கட்டுகிறார்கள்.

இது ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் படமா, இல்லையா என்ற விவாதம் வெளியான நாளிலிருந்து ஓயவில்லை. முத்தத்தை எண்ணிப் பார்த்தால் விடை எளிது. அரசன் கோங்-கில்லை முத்தமிடுகிறான். ஜாங்-செங்கும் கோங்-கில்லும் முத்தமிடுவதேயில்லை. ஆனால் அந்தக் கணக்கே தவறான இடத்தில் தொடங்குகிறது. இந்தப் படம் காதலை நடிப்புத் தொழிலின் இலக்கணத்தில் எழுதியிருக்கிறது. கோங்-கில்லை விரும்புகிறவர்கள் பலர்: பண்ணையார், அரசன், ஜாங்-செங். முதல் இருவரும் பார்வையாளர்கள். மூன்றாமவன் சக நடிகன். பார்வையாளனின் ஆசை பார்த்ததை எடுத்துக்கொள்ள நினைக்கிறது. சக நடிகனின் அன்பு வசனம் எடுத்துக்கொடுக்கிறது, தடுமாறினால் சமாளிக்கிறது, தன் வரிசை வரும்வரை காத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியும் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும்.

ஏட்டில் இருக்கும் கோங்-கில்

கோங்-கில் கற்பனைப் பாத்திரமல்ல. கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்ச அரசர்களின் ஆட்சிப் பதிவுகளில் ஒரு சிறு குறிப்பில் வருகிறான். சந்திரக் கணக்குப்படி 1505-ஆம் ஆண்டின் 12-ஆம் மாதம், 29-ஆம் நாள். ஆண்டுக் கடைசியில் தீய சக்திகளை ஓட்ட அரண்மனையில் ‘நாரே’ என்னும் சடங்கு நடக்கும். அதற்குக் கூத்தாடிகளை வரவழைப்பது வழக்கம். நாளைப் பார்த்தால் குறிப்பு அந்தச் சூழலோடு பொருந்துகிறது. கோங்-கில் கிழட்டுப் புலவனாக வேடம் கட்டி ஆடினான். அரசரைப் பழஞ்சீனத்தின் அறவேந்தர்களான யாவ், ஷுன் ஆகியோரோடு ஒப்பிட்டான்; தன்னை அவர்களின் நேர்மையான அமைச்சன் காவ்யாவ் என்று சொல்லிக்கொண்டான். அப்படிப்பட்ட வேந்தர்கள் எப்போதும் வாய்ப்பதில்லை, அமைச்சனோ எப்போதும் கிடைப்பான் என்றான். பிறகு கன்பூசியஸின் உரைத்தொகுப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டான்: அரசன் அரசனாகவும் அமைச்சன் அமைச்சனாகவும் இல்லாவிட்டால், தானியம் இருந்தும் நான் அதை உண்ண முடியுமா? அரசன் இதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டான். கோங்-கில்லுக்குத் தடியடி, தொலைதூரத்துக்கு நாடுகடத்தல்.

அவ்வளவுதான் பதிவு. அவன் அழகன் என்றோ, பெண்வேடக்காரன் என்றோ, அரசன் அவனை விரும்பினான் என்றோ அந்தக் குறிப்பில் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான அரசர்களின் ஆட்சிப் பதிவுக்கு ‘சில்லோக்’, அதாவது மெய்ப்பதிவு, என்று பெயர். பதவியிலிருந்து இறக்கப்பட்ட யோன்சானின் பதிவுக்கு ‘இல்கி’, வெறும் நாட்குறிப்பு, என்றுதான் பெயர் வைத்தார்கள். அவனை வீழ்த்தியவர்களின் காலத்தில் தொகுத்த ஏடு அது. கொடுங்கோலன் என்ற சித்திரம் அங்கிருந்துதான் வருகிறது. அவன் செய்த கொலைகள் பொய்யல்ல; ஆனால் யார் எழுதிவைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தப் பதிவில் கோங்-கில்லைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தும், இன்றைய கொரியனில் நடிகரைக் குறிக்கும் ‘பேஊ’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தும் ஒரே சீன எழுத்து. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தடியடி வாங்கியவனும் இன்று விருது வாங்குகிறவரும் ஒரே எழுத்துக்குள் இருக்கிறார்கள். ஜோசோன் காலத்தில் அந்த எழுத்துக்கு மரியாதை கிடையாது. கூத்தாடிகளான ‘குவாங்தே’க்கள் அடிமைகளோடும் கசாப்புக்காரர்களோடும் பிணம் சுமப்பவர்களோடும் சேர்த்து, சமூகத்தின் கடைசித் தட்டில் வைக்கப்பட்டவர்கள்.

இந்த நான்கு வரிக் குறிப்பிலிருந்து நாடக ஆசிரியர் கிம் தே-உங் 2000-இல் ஒரு மேடை நாடகம் எழுதினார். அதன் பெயர் ‘ஈ’. ‘நீ’ என்று பொருள்படும் பழைய சீனச் சொல். தனக்குக் கீழே இருந்தாலும் தான் மதிக்கும் ஒருவனை அரசன் அப்படி அழைப்பான். நம் மொழியில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ நிற்கிறதே, ஏறக்குறைய அந்த உயரம். கூத்தாடியை அரசன் அப்படி அழைப்பதில்தான் நாடகத்தின் முழு வெடிப்பும் இருக்கிறது. நாடகத்தில் மையம் அரசனும் கோங்-கில்லும். அவர்களுக்கிடையிலான உறவு மறைப்பில்லாமல் பேசப்படுகிறது. அங்கே கோங்-கில் அதிகாரத்தின் ருசி கண்டவன்; ஜாங்-செங் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் துணைப் பாத்திரம்.

திரைக்கதை எழுதிய சோய் சொக்-ஹ்வானும் இயக்குநரும் இந்த எடையை அப்படியே புரட்டிப்போட்டார்கள். ஜாங்-செங்கை நடுவில் கொண்டுவந்தார்கள். கோங்-கில்லிடமிருந்து பதவி ஆசையைக் கழற்றினார்கள். அரசனுக்கும் அவனுக்கும் இடையிலான உடல் நெருக்கத்தைப் பெரும்பாலும் பொம்மையாட்டமாக மாற்றினார்கள். இதனால் ஒன்றை இழந்தோம், ஒன்றைப் பெற்றோம். நாடகத்தின் கோங்-கில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவன். படத்தின் கோங்-கில் பெரும்பாலும் பிறர் ஆசைகளுக்கு நடுவே தலைகுனிந்து நிற்பவன். படத்தின் உண்மையான பலவீனம் இதுதான். கிடைத்தது: இரண்டு நடிகர்களுக்கிடையிலான, பெயர் வைக்கப்படாத, முப்பது வினாடி விளையாட்டில் முழுதாக வெளிப்பட்டுவிடும் ஓர் உறவு.

கூத்துக் குழுவின் கணக்கு

படத்தில் வரும் கூத்துமுறை ‘நம்சாதாங்’ என்னும் நாடோடி ஆண் குழுக்களின் மரபைச் சேர்ந்தது. இந்தக் குழுக்கள் செழித்தது ஜோசோனின் பிற்காலத்தில். யோன்சானின் காலத்தில் இப்படி ஒரு குழு இருந்ததாகக் காட்டுவது காலப் பிசகு. படம் அதைத் தெரிந்தே செய்கிறது. அதேபோல அரண்மனையில் சீனப் பாணி இசைநாடகம் நடக்கும் காட்சியில் தெரியும் ஒப்பனையும் உடையும் பெய்ஜிங் ஓபராவுடையவை. அந்த ஓபரா 18-ஆம் நூற்றாண்டுக்கு முன் கிடையாது. வரலாற்று ஆர்வலர்கள் இதில் எரிச்சல்படுவது நியாயம்தான். படத்தை வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

நம்சாதாங் குழுவில் நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். தலைவனுக்கு ‘கொக்துசோ’ என்று பெயர். ஊருக்குள் ஆட அனுமதி கேட்டுப் போவதற்கென்று ஓர் ஆள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மூத்த கலைஞன். அடியில் ‘பிரி’ எனப்படும் புதியவர்கள். பெண்வேடம் பெரும்பாலும் அவர்கள் தலையில் விழும். நம் பழைய நாடகக் கம்பெனிக்காரர்கள் ஸ்திரீபார்ட் என்று சொல்வார்களே, அதுதான். ஆட்டங்கள் ஆறு. மேளதாளத்தோடு வரும் ‘பொங்முல்’. கோலின் நுனியில் தட்டு சுழற்றும் ‘பொனா’. குட்டிக்கரண வித்தையான ‘சால்பான்’. கயிற்று நடையான ‘ஒரும்’. முகமூடிக் கூத்தான ‘தொட்பேகி’. பொம்மலாட்டமான ‘தொல்மி’. சால்பானைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: நன்றாகச் செய்தால் பிழைக்கும் இடம், தவறினால் சாகும் இடம். ‘தொல்மி’ என்றால் பிடரி. பொம்மையைப் பிடரியில் பிடித்து ஆட்டுவதால் அந்தப் பெயர். நம்சாதாங் ஆட்டத்தை யுனெஸ்கோ 2009-இல் மனிதகுலத்தின் கலைமரபுப் பட்டியலில் சேர்த்தது. கயிற்று நடை 2011-இல் தனியாகச் சேர்ந்தது.

கூலி பெரும்பாலும் சோறும் ஒரு ராத்தங்கலும்தான். ஊர்ப் பெரியவர் கையசைத்தால் ஆடலாம். இல்லையென்றால் பசியோடு அடுத்த ஊர். இந்தப் பொருளாதாரம் புரியாமல் படத்தின் முதல் பத்து நிமிடம் புரியாது. குழுத் தலைவன் கோங்-கில்லை விற்பது அவன் தனிப்பட்ட கெட்டவன் என்பதால் மட்டுமல்ல. ஐம்பது வயிறுகளின் பசி ஒருவனின் உடல்மேல் ஏற்றப்படுகிறது. பெண்வேடக்காரர்களைச் செல்வர்களிடம் அனுப்பும் கொடுமையையும், குழுவுக்குள்ளேயே ஆண்கள் இணை இணையாக வாழ்ந்த வழக்கத்தையும் நம்சாதாங் ஆய்வாளர்கள் இரண்டையும் பதிவு செய்திருக்கிறார்கள். இணையில் ஒருவனுக்கு ‘சுத்-தோங்மோ’, மற்றவனுக்கு ‘அம்-தோங்மோ’ என்று குழுவுக்குள் பெயரே இருந்தது. ஆண் தோழன், பெண் தோழன் என்று பொருள் கொள்ளலாம். ஆக, ஜாங்-செங், கோங்-கில் உறவு இன்றைய காலத்திலிருந்து பழங்காலத்தின் மேல் ஒட்டிவைத்த ஒன்றல்ல. அதற்கான சொல் அந்தத் தொழிலுக்குள்ளேயே இருந்தது. படம் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை, அவ்வளவுதான்.

கயிறு எப்படி வேலை செய்கிறது

கயிற்று நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் கடைசிக் காட்சி முழுக்க அதன்மேல் நிற்கிறது.

‘ஒரும்’ என்ற சொல்லுக்குப் பனிக்கட்டி என்று பொருள். மெல்லிய பனிப்பாளத்தின்மேல் நடப்பதைப் போன்ற வேலை என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இரு முனையிலும் மரங்களைக் குறுக்காகக் கட்டி நிறுத்தி, ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். கையில் ஒரு விசிறி. அழகுக்காக மட்டும் அல்ல அது. உடல் ஒரு பக்கம் சாயும்போது விசிறியை மறுபக்கம் வீசினால் காற்றின் தடையே ஒரு சிறு பிடிமானம் ஆகும். கொரியக் கயிற்று நடையில் வெறுமனே நடப்பது சின்ன விஷயம். சட்டென்று கயிற்றின் மேல் உட்கார்ந்து, கயிறு கீழே போய் மேலே வரும் வேகத்தை வாங்கிக்கொண்டு எழும்புவதுதான் வித்தை. கயிறு தளர்ந்திருந்தால் எழுப்பாது. அளவுக்கு மீறி இறுகியிருந்தால் திமிறித் தூக்கி எறியும். மேளக்காரர் ஆட்டக்காரனின் மூச்சைப் பார்த்து அடிக்க வேண்டும்; தாளம் ஒரு நொடி பிந்தினாலும் கால் குழம்பும்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கொரியக் கயிற்று நடை ஊமை வித்தை அல்ல. கயிற்றின் மேல் இருப்பவன் பேசுகிறான், பாடுகிறான், பெரிய மனிதர்களை நையாண்டி செய்கிறான். கீழே தரையில் இன்னொரு கூத்தாடி நின்று பதில் சொல்கிறான், கேள்வி எடுத்துக்கொடுக்கிறான், மேலே இருப்பவன் மூச்சு வாங்க இடைவெளி உண்டாக்குகிறான். ஒருவன் உயிர் கயிற்றில், அவன் பேச்சு மற்றவன் வாயில். இந்தத் தொழிலில் இணை என்பதற்கு இதுதான் பொருள். கம் ஊ-சங் தானே பயிற்சி எடுத்தார். கடினமான இடங்களில் அவருக்குப் பதிலாகக் கயிற்றில் ஏறியவர் மரபுவழிக் கயிற்று நடைக் கலைஞர் குவோன் வோன்-தே. உடலின் எடை உண்மையாகக் கயிற்றை அழுத்துவது திரையில் தெரிகிறது. கணினி வரைகலையில் அந்த அழுத்தம் வந்திருக்காது.

குருடர் விளையாட்டு

தப்பியோடும் வழியில் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். இருவரும் கண் தெரியாதவர்களாக நடிக்கிறார்கள். கோலால் தட்டித் தட்டி ஒருவரை ஒருவர் தேடுகிறார்கள். நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாய். இல்லை, நீதான் அங்கே, நான் இங்கே. கடைசியில் கட்டிக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் சற்று முன்னால்தான் ஒரு மனிதன் இவர்கள் கையால் செத்திருக்கிறான். பயத்தில் உறைந்துபோன கோங்-கில்லை மறுபடி மனிதனாக்குவதற்கு ஜாங்-செங்குக்குத் தெரிந்த ஒரே வழி நடிப்பு. ஆறுதல் சொல்லவில்லை, வேடம் கட்டச் சொல்கிறான். கட்டிப்பிடிக்கும் உரிமைகூட அந்த வேடத்துக்குள்தான் அவர்களுக்குக் கிடைக்கிறது.

‘நான் இங்கே, நீ அங்கே’ என்ற இந்த வரிக்கு ஒரு வழக்கும் உண்டு. தன் நாடகத்திலிருந்து அது எடுக்கப்பட்டது என்று சொல்லி ஒரு நாடக ஆசிரியர் 2006-இல் படத்துக்குத் தடை கேட்டார். அன்றாடப் பேச்சில் யாரும் சொல்லக்கூடிய வார்த்தைகள் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் அது சரி. அந்த வார்த்தைகளில் தனித்துவம் எதுவுமில்லை; எந்த ஊர் வாசலிலும் கேட்கலாம். அதை இரண்டாம் முறை எப்போது சொல்ல வைக்கிறார்கள் என்பதில்தான் எழுத்துக்காரனின் கை தெரிகிறது.

இதற்குப் பக்கத்தில் அரசனின் அறையை வைத்துப் பாருங்கள். யோன்சான் இரவில் கோங்-கில்லைத் தனியாக அழைக்கிறான். அங்கே கைப்பொம்மைகளும் நிழல்பொம்மைகளும் ஆடுகின்றன. 1476-இல் பிறந்த யோன்சானுக்கு ஆறு வயதாகும்போது, 1482-இல், அவன் தாய்க்கு விஷம் கொடுத்துக் கொன்றார்கள். 1494-இல் அரியணை ஏறினான். 1504-இல் தாயின் சாவுக்குக் காரணமானவர்களென்று கருதியவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பழிதீர்த்தான். படத்தின் யோன்சான் பொம்மைகளுக்குப் பின்னால் அந்தச் சிறுவனாக உட்கார்ந்து அழுகிறான். கோங்-கில் அவன்மேல் இரக்கப்படுகிறான், அது நடிப்பல்ல. ஆனால் உறவின் அமைப்பைப் பாருங்கள். அரசன் கேட்கும்போது கோங்-கில் ஆட வேண்டும். அரசன் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். கூட்டமும் மேளமும் எடுத்துக்கொடுக்க இன்னொருவனும் இல்லாத கூத்து அது. அரசன் தானும் பொம்மையைக் கையில் எடுக்கிறான். சக நடிகனாகிவிட வேண்டும் என்ற ஏக்கம் அவனிடம் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் மறுக்கும் உரிமை ஒருவனுக்கு மட்டுமே இருக்கும் மேடையில் இணை என்று ஒன்று உருவாக முடியாது. யோன்சானைக் கேலிச்சித்திரம் ஆக்காமல் ஜங் ஜின்-யங் நடித்ததால்தான் இந்த வேறுபாடு இவ்வளவு வலிக்கிறது.

பிறகு நடக்கும் கூத்துகளில் எல்லாம் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பிணம் விழுகிறது. ஊழலைக் கேலி செய்தால் ஓர் அமைச்சன் தண்டனை பெறுகிறான். ராணிகளின் சதியை ஆடினால், அரசன் ஆட்டத்தின் நடுவிலேயே தந்தையின் மனைவியரைக் கொல்கிறான். வரலாற்றில் இந்தக் கொலைகள் 1504-இல் நடந்தவை, கோங்-கில்லின் குறிப்புக்கு முந்தியவை. திரைக்கதை வரிசையை மாற்றிக் கூத்தைக் காரணமாக்குகிறது. நடிகர்களுக்கு இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது: தங்கள் நடிப்பு நடிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படாத ஒரே பார்வையாளனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜாங்-செங் கிளம்பிவிடலாம் என்கிறான். கோங்-கில் தயங்குகிறான். சண்டை வருகிறது. அரசனைத் திட்டும் சுவரொட்டிகள் கோங்-கில்லின் கையெழுத்துப் போலவே எழுதி ஒட்டப்படுகின்றன. எழுதியது நான்தான் என்று ஜாங்-செங் பழியை ஏற்கிறான். சுவரொட்டி என்பது இங்கே இட்டுக்கட்டிய திருப்பம் மட்டுமல்ல. 1504-இல் யோன்சானைத் தாக்கிக் கொரிய மொழிக்கே உரிய ஹங்குல் எழுத்தில் சுவரொட்டிகள் வந்தன. அரசன் அந்த எழுத்தையே தடைசெய்தான்.

தப்பிப்போக வழி கிடைத்தும் ஜாங்-செங் போவதில்லை. அரண்மனை முற்றத்தில் கயிறேறி அரசனை முகத்துக்கு நேரே நையாண்டி செய்கிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவன் கண்களைப் பொசுக்குகிறார்கள். வழியோரத்தில் விளையாட்டாகக் கட்டிய வேடம் இப்போது கழற்ற முடியாத வேடம் ஆகிவிட்டது.

ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சம்

இப்படி ஒரு படம் எப்படி ஓடியது என்பதும் விளக்கம் தேவைப்படும் விஷயம். ஏறக்குறைய 1 கோடியே 23 லட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்றன. அன்றைய தென்கொரியாவின் மக்கள்தொகை 5 கோடிக்கும் கீழே. அதற்கு முன் சாதனை வைத்திருந்த 2004-ஆம் ஆண்டுப் போர்ப்படம் ‘தேகுக்கி’ 1 கோடியே 17 லட்சத்தைத் தொட்டது. அது பெரும் பொருட்செலவில், பெரிய நட்சத்திரங்களோடு வந்த படம். ‘வாங்-எ நம்ஜா’ அதன் செலவில் ஒரு பகுதியில் எடுத்தது. லீ ஜூன்-கி அப்போது பெயர் தெரியாத புதுமுகம். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த ரசிகர்களும், ஒருவர் இன்னொருவரை இழுத்துக்கொண்டு போன வாய்மொழி விளம்பரமும்தான் அதை அந்த உயரத்துக்குக் கொண்டுபோயின. 2006 கோடையில் வந்த ‘தி ஹோஸ்ட்’ அந்தச் சாதனையை முறியடித்தது. அதே ஆண்டில் ‘வாங்-எ நம்ஜா’ கொரியாவின் பெரிய தேசிய விருதான தேஜோங் விருதில் சிறந்த படமாகத் தேர்வாகி, ஆஸ்கர் போட்டிக்கும் நாட்டின் சார்பில் அனுப்பப்பட்டது.

சட்டத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1996-இல்தான் திரைப்பட முன்தணிக்கை அரசமைப்புக்கு விரோதமானது என்று கொரிய அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டே, இரண்டு ஆண்களின் காதலைச் சொன்ன ஹாங்காங் படமான ‘ஹாப்பி டுகெதர்’ கொரியாவுக்குள் வர அனுமதி மறுக்கப்பட்டது. 1998-இல்தான் திரைக்கு வந்தது. 2000-இல் தன்பாலின ஈர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன நடிகர் ஹோங் சொக்-சொன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கப்பட்டார். இளையோருக்குத் தீங்கானவை என்ற அரசாணைப் பட்டியலில் தன்பாலின உறவும் இருந்தது. 2003-இல் தேசிய மனித உரிமை ஆணையம் அதை நீக்கப் பரிந்துரைத்து, 2004-இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டுக் கடைசியில் இந்தப் படம், 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு. 2002-இல் எடுத்திருந்தால் இதே படம் வேறு கதவுகளைத் தட்ட வேண்டியிருந்திருக்கும்.

அந்தச் சான்றிதழுக்குள் அடங்குவதற்குப் படம் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பெண்ணைப் போன்ற முகம் கொண்ட ஆணை நடுவில் வைத்ததால், பார்வையாளர்களில் பலர் இதை ஆண்களின் காதலாகப் பார்க்காமலே ரசித்துவிட முடிந்தது. படத்துக்குப் பிறகு கொரிய விளம்பரங்களில் ‘அழகிய ஆண்’ என்ற மோகம் பரவியது. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களின் வாழ்க்கைக்கு அதனால் உடனடியாக எதுவும் கிடைக்கவில்லை. அதே 2006-இல் லீசோங் ஹீ-இல் எடுத்த ‘நோ ரிக்ரெட்’ மூடிமறைக்காமல் பேசியது. சிறிய அரங்குகளில் மட்டுமே ஓடியது. 2017-இல் நடிகையும் இயக்குநருமான பாங் உன்-ஜின் ‘மெத்தட்’ படத்தில் ஒரு மேடை நடிகனையும் ஒரு பாடகனையும் ஒரே நாடகத்தில் நடிக்க வைத்து, பாத்திரங்களின் காதல் நடிகர்களுக்குள் இறங்குவதைக் காட்டினார். அங்கே கேள்வி ‘இது நடிப்பா, நிஜமா’ என்பது. ஜாங்-செங்குக்கும் கோங்-கில்லுக்கும் அந்தக் கேள்வியே எழுவதில்லை. நடிப்பதைத் தவிர நிஜமாக இருப்பதற்கு அவர்களுக்கு வேறு இடம் தரப்படவில்லை. எனக்கு இந்தப் பழைய படம் கூடுதல் துணிச்சலோடு தெரிவதற்கு இதுவே காரணம்.

கடைசிக் கயிறு

கோங்-கில் அரசன் முன்னால் பொம்மையாட்டம் ஆடிக்கொண்டே மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். அரசனுக்குக் கடைசியாக அவன் தரும் கூத்து அது. பிழைக்கிறான். வெளியே, குருடன் ஜாங்-செங் மறுபடி கயிற்றில் ஏறியிருக்கிறான்.

கயிற்றில் நடப்பவன் பார்வையை எதிர்முனையில் குத்திட்டு வைத்துக்கொள்வான்; அதுதான் அவனுக்குச் சமநிலை. அது போய்விட்டால் பாதத்தின் தொடுஉணர்வும் காதும் மட்டுமே மிச்சம். எதிர்முனையிலிருந்து கோங்-கில் ஏறுகிறான். ஒரே கயிற்றில் இருவர் நிற்கும்போது ஒருவன் அசைந்தால் மற்றவன் காலடியில் கயிறு எழும்பும், தாழும். பார்க்காமலே மற்றவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிடும். நான் இங்கே, நீ அங்கே.

முன்பு தரையில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவன் இப்போது கயிற்றின் மேலேயே நின்று எடுத்துக்கொடுக்கிறான்: அடுத்த பிறவியில் என்னவாகப் பிறப்பாய்? அரசனாகவா, பண்ணையாராகவா? கூத்தாடியாகத்தான் என்று பதில் வருகிறது. கோங்-கில்லுக்கும் அதே பதில். இதற்குள் அரண்மனை வாயிலை உடைத்துக்கொண்டு கலகக்காரர்கள் நுழைகிறார்கள். 1506-இல் யோன்சானைப் பதவியிலிருந்து இறக்கிய கலகம் அது. அரசன் நாற்காலியைவிட்டு எழவில்லை. நோக்-சுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசிவரை அவன் பார்வையாளன்.

இருவரும் ஒரே நேரத்தில் கயிற்றில் விழுந்து எழும்புகிறார்கள். இருவரும் ஒருசேர எழும்ப வேண்டுமானால் ஒரே நொடியில் கயிற்றை அழுத்த வேண்டும். ஒருவன் முந்தினால் மற்றவனை அது உதறிவிடும். விசிறி காற்றில் பறக்கிறது. உயரத்தின் உச்சியில் படம் உறைகிறது. விழுவதைக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சிறு காட்சி உண்டு. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துபோகிறவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். வயல்வெளியில் ஐந்து கூத்தாடிகளும் மேளம் தட்டி, ஒருவரை ஒருவர் வம்புக்கிழுத்தபடி நடந்து வருகிறார்கள். தலைநகரில் சேர்ந்த மூவரில் ஒருவனான, அரண்மனை வேட்டையில் அம்பு பட்டுச் செத்த யுக்-கப்பும் அவர்களோடு வருகிறான். ஜாங்-செங்குக்குக் கண் தெரிகிறது.